ஏட்டுக் காதலும் வீட்டு வாழ்வும்

(ஜும்ஆப் பேருரை)

  

   

மிம்பரின் அருகே நின்று வழமையாகப் பேசப்படாத ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் இல்லத்துப் பெண்மக்கள் விரும்பி வாசிக்கின்ற காதல் நாவல்களைப் பற்றியது அது. பொருளைச் சொன்னவுடன் முன்வரிசையில் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கிறேன். "அந்தக் குப்பைகளைக் கொளுத்திவிட்டால் போயிற்று, இதற்கு ஒரு ஜும்ஆவா?" என்று எண்ணுவோரும் இருப்பீர்கள். கொளுத்துவதால் தீர்கின்ற காரியமாக இருந்திருந்தால் உங்கள் நேரத்தை நான் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு காலத்தில் இந்நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் வரிசையாகத் தொங்கின. வாடகை நூல் நிலையத்தில் எடுத்து வந்து தலையணைக்கு அடியில் மறைத்து வைத்து வாசித்தார்கள். ரமணிசந்திரன் என்ற எழுத்தாளர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவர் பெயரைக் கேள்விப்படாத தமிழ்ப் பெண் வாசகர் அரிது. ஆங்கிலம் கற்ற பெண்கள் மில்ஸ் அண்ட் பூன் வெளியீடுகளை வாசித்தார்கள். 1908இல் இலண்டனில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், சரியாக நூறாண்டு கழித்து 2008இல் இந்தியாவிலேயே தன் கடையை விரித்தது. வாங்குவோர் இல்லாத ஊரில் வணிகன் கடை விரிப்பதில்லை அல்லவா? 2014இல் பெங்களூரில் பிரதிலிபி என்ற தளம் பிறந்தது. அது போன்றவை வந்தபின் கடைக்குப் போகும் வேலையும் ஒழிந்தது. அத்தியாயம் அத்தியாயமாகக் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. உலையில் அரிசி கொதிக்கும் இடைவெளியில் ஓர் அத்தியாயம், பிள்ளை உறங்கியபின் இரண்டு அத்தியாயம் என்று வாசிப்பு நடக்கிறது. பெற்றோருக்குத் தெரிவதில்லை, கணவருக்குத் தெரிந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை.

நாவல் என்பதே நம் சமுதாயத்துக்கு அந்நியமான சரக்கு என்று கருதிவிடாதீர்கள். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படும் 'அஸன்பேயுடைய சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அதை எழுதியவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வை. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் அம்மையார் பள்ளிக்கூடத்தில் சில வகுப்புகளே பயின்றவர். அவருடைய நாவல் 1938இல் வெளிவந்தபோது தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். அந்த நாவலின் பெயர் 'காதலா கடமையா'. ஒரு முஸ்லிம் பெண்மணி அந்தக் காலத்திலேயே இப்படியொரு கேள்வியைத் தலைப்பாக வைத்திருக்கிறார் என்றால், நாம் இன்று அதைப் பள்ளிவாசலில் பேசுவதில் பிழையொன்றும் இல்லை. கதை சொல்வதை மார்க்கம் வெறுக்கவுமில்லை. யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை வரலாறுகளில் மிக அழகியது என்று அந்த அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தில் அல்லாஹ்வே சிறப்பித்துள்ளான். அதனுள் ஒரு பெண்ணின் மோகமும் மறைக்கப்படாமல்தான் சொல்லப்படுகிறது.

ஆகவே கேள்வி, கதை கூடுமா கூடாதா என்பதன்று. இந்தக் குறிப்பிட்ட கதை வாசிப்பவரின் உள்ளத்தில் எதை விட்டுச் செல்கிறது என்பதே.

இந்தக் கதையின் எலும்புக்கூடு மிகப் பழையது. 1740இல் சாமுவேல் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 'பமீலா' என்றொரு நாவலை எழுதினார். பணக்கார முதலாளி ஒருவன் தன் வீட்டுப் பணிப்பெண்ணைத் தன் இச்சைக்கு இணங்கும்படித் தொல்லை செய்கிறான்; வேறொரு மாளிகைக்குக் கடத்திச் சென்று சிறை வைக்கிறான்; அவள் தன் கற்பைக் காத்து நிற்கிறாள்; இறுதியில் அவன் மனம் திருந்தி அவளையே மணந்துகொள்கிறான். அவளுக்கு இது பெரும் பரிசு என்று கதை கருதுகிறது! கடத்தியவனுக்கு என்ன தண்டனை என்று யாரும் கேட்கவில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. உடையும் ஊரும் மாறியிருக்கின்றன, எலும்பு மாறவில்லை.

கதாநாயகன் செல்வன், தனக்கென நிறுவனம் உடையவன், சிறுவயதில் பட்ட ஏதோ ஒரு காயத்தால் முரடனாகிப் போனவன். அவளை இழிவாகப் பேசுவான், பிறர் முன்னிலையில் அவமதிப்பான், வேறு ஆடவருடன் அவள் பேசினால் சீறுவான். வாசகிக்கு மட்டும் ஆசிரியர் காதில் இரகசியம் ஓதுவார்: இவ்வளவும் காதலால்தான் என்று. இடையில் ஒரு தப்பெண்ணம் நுழையும். இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடக்கூடிய தப்பெண்ணம் அது. ஆனால் பேசமாட்டார்கள், பேசிவிட்டால் கதை முடிந்துவிடுமே! கடைசி அத்தியாயத்தில் அவன் கண் கலங்குவான், மாலை மாற்றுவார்கள், முற்றும். கைப்பேசித் தொடர்களில் 'ஆன்டி ஹீரோ' கதை என்று தனியொரு வகையே இருக்கிறது. பழிவாங்குவதற்காகவே கட்டாயத் தாலி கட்டுபவன், கன்னத்தில் அறைபவன் அங்கே நாயகன். நாற்பது அத்தியாயம் கொடுமை செய்துவிட்டு நாற்பத்தோராவதில் மன்னிப்புக் கேட்டால் போதும்.

அந்தப் பக்கங்களில் எவை இல்லை என்பதையும் பாருங்கள். மாமியின் சர்க்கரை நோய் இல்லை. நாத்தனார் திருமணத்துக்கு வாங்கிய கடன் இல்லை. மின்கட்டண நாள் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையோடு விடிய விடிய விழித்திருந்துவிட்டு, காலையில் ஒருவர் மீது ஒருவர் எரிந்துவிழும் அந்த வெள்ளிக்கிழமைகள் இல்லை. நிக்காஹ் என்பது நமக்குத் தொடக்கம். நாவலுக்கு அதுவே முற்றுப்புள்ளி.

இருநூறு கதைகளை வாசித்துவிட்டு ஒரு பெண் மணமேடைக்கு வருகிறாள். இது கற்பனை என்று அவளுக்குத் தெரியும். நம் பெண்களை நாம் அவ்வளவு பேதைகள் என்று எண்ணிவிடக் கூடாது. நிறுவன அதிபர் மாப்பிள்ளையாக வருவார் என்று எந்தப் பெண்ணும் காத்திருப்பதில்லை. ஆனால் கதையின் செல்வம் மறந்துபோனாலும் கதையின் இலக்கணம் உள்ளத்தில் தங்கிவிடுகிறது. உண்மையாக நேசிப்பவன் நான் சொல்லாமலே என் மனத்தை அறிந்துகொள்வான் என்பது அந்த இலக்கணத்தின் முதல் விதி. சொல்லிப் பெறுகின்ற அன்பு அன்பே அன்று என்பது அதன் கிளை விதி. விளைவு என்ன? கணவர் ஊர் திரும்பும்போது தனக்குப் பிடித்தது இன்னதென்று அவள் சொல்லமாட்டாள். அவர் வாங்கி வரவில்லையென்றால் அழுவாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டால், அதுகூடத் தெரியவில்லையா என்று மேலும் அழுவாள். அந்த ஆண்மகனோ வெண்டைக்காய் முற்றியதா இளசா என்பதையே தொட்டுப் பார்த்துத்தான் அறிபவன். மனத்தை எப்படித் தொடாமல் அறிவான்?

மற்றொரு விதி இதைவிட ஆபத்தானது. சீற்றம் அன்பின் அடையாளம், சந்தேகம் அன்பின் ஆழம் என்பது அது. ஜமாஅத் பஞ்சாயத்தில் நானும் அமர்ந்திருந்த ஒரு வழக்கை ஊரும் பெயரும் மறைத்துச் சொல்கிறேன். நிச்சயம் ஆன நாளிலிருந்தே மாப்பிள்ளை அந்தப் பெண்ணின் கைப்பேசியில் யார் யார் பேசினார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தோழியரோடு வெளியே போகக் கூடாது என்றிருக்கிறார். அதைத் தோழியரிடம் அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்; அவர்களும், "எவ்வளவு பிரியம் பார்!" என்று பொறாமைப்பட்டிருக்கிறார்கள். திருமணமான நான்காம் மாதம் கை நீட்டினார். அதற்குப் பிறகும் ஓராண்டு அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் குல்உவில் முடிந்தது. "அவர் மாறுவார் என்று காத்திருந்தேன்" என்பது மட்டுமே எங்கள் முன் அவள் சொன்ன விளக்கம். நாற்பத்தோராவது அத்தியாயத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

அன்பர்களே! குர்துபாவின் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்களை மார்க்கச் சட்ட நூல்களின் ஆசிரியராக நாம் அறிவோம். அவர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'தவ்குல் ஹமாமா' என்ற நூலைக் காதலைப் பற்றியே முப்பது அத்தியாயங்களில் எழுதினார்கள். ஆலிம் ஒருவருக்கு இது தகுமா என்று அவர்கள் தயங்கவில்லை. அதில் ஓர் அத்தியாயம், நேரில் காணாமல் வருணனையைக் கேட்டே காதல்கொள்வோரைப் பற்றியது. கேட்பவர் தம் உள்ளத்தில் ஓர் உருவத்தை வரைந்துகொள்கிறார். அடித்தளம் இல்லாத கட்டடம் அது. நேரில் கண்ட நாளில் ஒன்று உறுதிப்படும், அல்லது அடியோடு சரியும் என்ற கருத்தை அவர்கள் அங்கே விளக்குகிறார்கள். அன்று ஒருவருடைய வருணனையை மற்றொருவர் சொல்லக் கேட்டார்கள். இன்றோ உலகில் இல்லாத ஒருவனுடைய வருணனையை வாசிக்கிறார்கள். அவன் நேரில் வரவே போவதில்லை, வருபவர் வேறொருவர். இல்லாதவனுக்காக வரைந்த அளவில் இருப்பவரை நிறுத்தி அளக்கிறார்கள்.

இதுவரை நான் பேசியதைக் கேட்டு ஆண்கள் பக்கம் தலைகள் ஆடின. இனிமேல் ஆடுமா என்று பார்ப்போம்.

அவர்கள் ஏன் வாசிக்கிறார்கள்? ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் 1984இல் 'ரீடிங் த ரொமான்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். காதல் நாவல்களை விடாமல் வாசிக்கும் பெண்கள் சுமார் நாற்பது பேரிடம் கேட்டறிந்து எழுதப்பட்ட நூல் அது. அவர்கள் பெரும்பாலும் திருமணமாகிப் பிள்ளை பெற்ற இல்லத்தரசிகள். கிளுகிளுப்புக்காக வாசிக்கிறார்கள் என்றுதான் உலகம் எண்ணியிருந்தது. அவர்களோ, நாள் முழுதும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உழைத்தபின் தமக்கென்று கிடைக்கும் ஒரே பொழுது இதுதான் என்றார்கள். கையில் புத்தகம் இருக்கும்வரை யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். அவர்களுக்குப் பிடித்த நாயகன் எப்படிப்பட்டவன் தெரியுமா? முரடன் அல்லன், கனிவும் அறிவும் உடையவன், அவளைச் சிரிக்க வைப்பவன். எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் அவளை யாரேனும் கவனித்துக்கொள்ள மாட்டார்களா என்ற ஏக்கம் அந்தப் பக்கங்களில் தீர்ந்ததாக ராட்வே கண்டார்.

அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூர்க் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? நம் ஊர்களைப் பாருங்கள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் என்று கடற்கரை நெடுகிலும் நம்மவர் பாதிப்பேர் சபராளிகள். மணம் முடித்து நாற்பதாம் நாள், அறுபதாம் நாள் விமானம் ஏறுகிறவர்கள். ஈராண்டுக்கொரு முறை விடுமுறையில் வருகிறவர்கள். ரியாத்திலும் துபாயிலும் அவர்கள் படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஓர் அறையில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் கிடந்து அனுப்பும் காசு அது. ஆனால் இங்கே மாமி வீட்டில் விடப்பட்ட அந்த இருபது வயதுப் பெண்ணின் இரவுகளை யார் நிரப்புவது? முன்பு தொலைபேசிக் கட்டணம் அதிகம் என்பதால் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருவோர் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதைக் கூடத்தில் வைத்து வீடே சேர்ந்து கேட்டது. மனைவிக்கென்று அதில் என்ன பேச முடியும்? இப்போது முகம் பார்த்தே பேசலாம். பேசுகிறீர்களா?

நானறிந்த ஓர் இளந்தம்பதியரின் பிரச்சினை இப்படித்தான் வந்தது. "கதை படித்துப் படித்து இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்பது மாமியின் குற்றச்சாட்டு. விடுமுறையில் வந்திருந்த மகனைத் தனியே அழைத்து, தினமும் தொலைபேசியில் மனைவியிடம் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்பேன், உம்மாவிடம் கொடு என்பேன்" என்றார். பொல்லாதவர் அல்லர், தொழுகையாளி, மனைவியைத் திட்டியதில்லை. அவளோ ஒரு மாதத்தில் அறுபது நாவல்களுக்கு மேல் வாசித்திருந்தாள். இருவரில் எவரைக் கண்டிப்பது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இப்போது மதீனாவுக்குச் செல்வோம். புகாரியிலும் முஸ்லிமிலும் ஒரு நீண்ட ஹதீஸ் உண்டு. 'உம்மு ஸர்உ' ஹதீஸ் என்பார்கள். நம் பயான்களில் அதிகம் சொல்லப்படுவதில்லை, ஏனென்று தெரியவில்லை. அது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லும் ஒரு கதை. பதினோரு பெண்கள் ஓரிடத்தில் கூடி, தத்தம் கணவரைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்வதென்று உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். ஒருத்தி, நான் வாய் திறந்தால் தலாக், திறக்காவிட்டால் அந்தரத்தில் தொங்குகிறேன் என்கிறாள். ஒருத்தியின் கணவன் உண்டால் எல்லாவற்றையும் உண்டுவிடுவான், படுத்தால் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவான். அவள் துயரை அறியக் கை நீட்டவும் மாட்டான். மற்றொருத்தியோ, என் கணவர் திஹாமா நாட்டு இரவைப் போன்றவர் என்கிறாள்: கடும் வெப்பமும் இல்லை, கடும் குளிரும் இல்லை, அச்சமும் இல்லை, சலிப்பும் இல்லை. எந்த நாவலாசிரியரும் இப்படியொரு நாயகனைப் படைக்க மாட்டார். சித்திரை மாதத்து வெயிலறிந்த நமக்கு அந்த இரவின் அருமை தெரியும்.

பதினோராவது பெண் உம்மு ஸர்உ. அவளுடைய கதை அச்சு அசலாக ஒரு காதல் நாவல்தான். சில ஆடுகளே சொத்தாக இருந்த ஏழைக் குடும்பத்திலிருந்து அபூ ஸர்உ என்ற செல்வன் அவளை மணந்து சென்றான். குதிரையும் ஒட்டகமும் தானியக் களமும் நிறைந்த வீட்டில் குடியமர்த்தினான். காதுகளை அணிகலன்களால் நிறைத்தான். அந்த வீட்டில் அவள் பேசினால் யாரும் பழித்ததில்லை. விடியும்வரை உறங்கினால் யாரும் எழுப்பியதில்லை. நாவலாக இருந்தால் இங்கே 'முற்றும்' என்று போட்டிருப்பார்கள். கதையோ தொடர்கிறது. ஒருநாள் காலையில் வெளியே சென்ற அபூ ஸர்உ, வழியில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண்ணைக் கண்டான். உம்மு ஸர்வைத் தலாக் சொல்லிவிட்டு அவளை மணந்துகொண்டான். உம்மு ஸர்உ பிறகு மற்றொரு கண்ணியவானை மணந்தாள். அவர் குதிரையேறும் வீரர், வாரி வழங்குபவர். நீயும் உண், உன் உறவினருக்கும் கொடு என்று சொன்னவர். ஆயினும் அவர் தந்த அனைத்தையும் ஒன்று சேர்த்தாலும் அபூ ஸர்வின் மிகச்சிறிய பாத்திரத்தை நிரப்பாது என்று அவள் ஏங்குகிறாள்.

இந்த நெடுங்கதையை அன்னையவர்கள் யாரிடம் சொன்னார்கள்? அரபுலகின் ஆட்சிப் பொறுப்பும், வஹீயின் பொறுப்பும், உம்மத்தின் கவலையும் சுமந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம். பதினோரு பெண்களின் கதையையும் இடைமறிக்காமல், இதெல்லாம் என்ன பேச்சு என்று தள்ளாமல் இறுதிவரை செவிமடுத்தார்கள். கேட்டு முடித்தபின், உம்மு ஸர்வுக்கு அபூ ஸர்உ எப்படியோ அப்படியே உனக்கு நான் என்ற கருத்தில் பதிலுரைத்தார்கள். அவன் தலாக் சொன்னான், நான் அப்படிச் சொல்லமாட்டேன் என்ற பொருளும் மற்றோர் அறிவிப்பில் வருகிறது. மனைவி ஒரு கதை சொன்னாள். கணவர் அந்தக் கதைக்குள்ளிருந்தே ஒரு பெயரை எடுத்து அவளுக்கு அன்பைச் சொன்னார். நம்மில் எத்தனை பேருக்கு மனைவி கடைசியாக வாசித்த கதையின் பெயராவது தெரியும்?

அன்பை வாய்விட்டுச் சொல்வது ஆண்மைக்கு இழுக்கு என்று நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஹள்ரத் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் படைத்தலைவராகச் சென்று திரும்பியபின், மக்களில் தங்களுக்கு மிகப் பிரியமானவர் யார் என்று நபிகளாரைக் கேட்டார்கள். ஆயிஷா என்று பதில் வந்தது. ஆண்களில் யார் என்று கேட்டபோதும் அவருடைய தந்தை என்றே பதில் வந்தது. கேட்டவர் போர்க்களத்துத் தளபதி. பதிலில் தயக்கமே இல்லை.

நாவல்கள் சொல்லாத இன்னொரு செய்தியையும் மதீனத்து வீதிகள் கண்டிருக்கின்றன. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா (ரலி) அவர்களுக்கு, அடிமையாயிருந்த கணவர் முஙீஸ் (ரலி) அவர்களோடு வாழ்வதா பிரிவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை வந்தது. அவர் பிரிவைத் தேர்ந்தார். முஙீஸோ தாடி நனைய அழுதுகொண்டு அவர் பின்னால் வீதி வீதியாகச் சுற்றினார். இவருடைய அன்பையும் அவருடைய வெறுப்பையும் கண்டு வியப்பாக இல்லையா என்று நபி (ஸல்) அவர்கள் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். திரும்பச் சேர்ந்துகொண்டால் என்ன என்று பரீராவிடமும் சொல்லிப் பார்த்தார்கள். இது கட்டளையா என்று அவர் வினவினார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. அத்தோடு அது முடிந்தது. புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

நாவலில் பின்தொடர்ந்து அழுபவனுக்கு இறுதியில் அவள் கிடைப்பாள். அழுகை உண்மையானதென்றால் அவள் இணங்கியே தீரவேண்டும் என்பது அங்கே சட்டம். திரைப்படங்களும் இளைஞர்களுக்கு இதையே கற்றுத் தருகின்றன. மறுத்த பெண்ணின் முகத்தில் அமிலம் வீசும் கொடியவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் தேறியவர்களே. முஙீஸின் கண்ணீர் உண்மையானது. நபிகளாரே அதைக் கண்டு இரங்கினார்கள். ஆயினும் பரீராவின் மறுப்பு மறுப்பாகவே நின்றது. இதை நம் மகன்களுக்கும் சொல்லுங்கள். நாவல் வாசிக்கும் மகள்களுக்கு மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

ரூம் அத்தியாயத்தின் 21ஆம் வசனத்தில் மணவாழ்வைப் பேசும் அல்லாஹ், அமைதியையும் நேசத்தையும் இரக்கத்தையும் அதனோடு சேர்த்துக் கூறுகிறான். நேசம் நாவலுக்குத் தெரியும். இரக்கம் அதற்குத் தெரியாத பகுதி. தலைநரைத்து நோயுற்றவர்களுக்கும், ஒருவர்மேல் ஒருவருக்கு வருத்தம் மிஞ்சிய நாள்களுக்கும் உரியது அது. நிஸா அத்தியாயத்தின் 19ஆம் வசனம், மனைவியரிடம் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றில் அல்லாஹ் மிகுந்த நன்மையை வைத்திருக்கக்கூடும் என்று ஆண்களுக்கு நினைவூட்டுகிறது. பிடிக்காத ஒன்று இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டே பேசுகிற வசனம் அது. குறையே இல்லாத துணை கிடைப்பார் என்று அங்கே வாக்களிக்கப்படவில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நிக்காஹ் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதற்கு முன் மணமக்கள் இருவரையும், உரியவர்கள் உடனிருக்க, ஒரு மணி நேரம் பேச வையுங்கள். பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறு முகீரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளிநாட்டுக்கு எப்போது போவீர்கள், எத்தனை ஆண்டு, நான் எந்த வீட்டில் இருப்பேன், தொடர்ந்து படிக்கலாமா, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அந்தப் பெண் கேட்கட்டும். கேட்டால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பெண்ணின் உம்மாமார்கள் அஞ்சுகிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு முறியும் சம்பந்தம் முன்கூட்டியே முறிவது மலிவு.

வாப்பாமார்களே, மகளுடைய கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். என்ன கதை என்று கேளுங்கள். அந்த நாயகன் அறைந்தது சரியா என்று அவளோடு வாதாடுங்கள். அவள் உங்களைவிட நன்றாகவே வாதாடுவாள்.

சொல்லாமலே மனத்தை அறியும் கணவர் வேண்டும் என்ற அந்தப் பெண்களின் ஆசையைச் சற்றுமுன் குறை சொன்னேன். ஆனால் புகாரியில் இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. நீ என்மீது திருப்தியாக இருப்பதும் கோபமாக இருப்பதும் எனக்குத் தெரிந்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். எப்படி அறிகிறீர்கள் என்று அன்னையார் கேட்டார்கள். திருப்தியாக இருந்தால் முஹம்மதின் இறைவன் மீது ஆணையாக என்பாய். கோபமாக இருந்தால் இப்ராஹீமின் இறைவன் மீது ஆணையாக என்பாய் என்றார்கள். தினசரிப் பேச்சில் ஒரு பெயர் மாறுவதை அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்னையார் மறுக்கவில்லை. ஆமாம், ஆனால் அப்போதும் தங்கள் பெயரை மட்டுமே விட்டுவிடுகிறேன் என்றார்கள்.